காதலிக்க நேரமில்லை: மதுரை நாடக மேடையிலிருந்து ஒரு பார்வை

காதலிக்க நேரமில்லை (1964) ஸ்ரீதர் தன் சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் தயாரித்து இயக்கிய இசை நகைச்சுவைக் காதல் படம். கதை, வசனத்தில் ஸ்ரீதருடன் சித்ராலயா கோபு பங்காற்றினார். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். டி.எஸ். பாலையா, முத்துராமன், நாகேஷ், ராஜஸ்ரீ, சச்சு, வி.எஸ். ராகவன் ஆகியோருடன் ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் இதில் அறிமுகமானார்கள்.

இப்படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதை ஹாலிவுட் பாணிப் படம் என்கிறார்கள். ஈஸ்ட்மென் வண்ணம், திறந்த கார், மேற்கத்திய தாளம், கண்ணீர் இல்லாத கதை ஆகியவை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. படத்தின் தோற்றத்தைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் கதையின் எலும்புக்கூடு மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா இரவுகளில் நடிக்கப்படும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படத்தின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன.

பின்னணி

ஸ்ரீதர் அதுவரை பெற்றிருந்த பெயர் சோகக் காதல் கதைகளால் வந்தது. கல்யாணப் பரிசு (1959) அக்காள் தங்கை இருவரும் ஒருவனையே விரும்பும் கதை. நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் தியாகக் கதை. நெஞ்சம் மறப்பதில்லை (1963) மறுபிறவிக் கதை. இவற்றை அடுத்து முழுநீள நகைச்சுவையை எடுத்தது அவருக்குப் பெரிய திருப்பம்.

அன்றைய தமிழ்ப் படங்களிலும் நகைச்சுவை இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தனித் துண்டாக, அழுகைக் காட்சிகளுக்கு இடையே பார்வையாளர் மூச்சுவிடுவதற்காக வந்தது. விதிவிலக்குகளும் உண்டு. சபாபதி (1941), மிஸ்ஸியம்மா (1955), அடுத்த வீட்டுப் பெண் (1960) ஆகியவை நகைச்சுவையையே கதையாகக் கொண்டவை. காதலிக்க நேரமில்லை இந்த வரிசையில் வருகிறது. அந்த வரிசையில் வண்ணமும் வெளிப்புறப் படப்பிடிப்பும் இவ்வளவு தாராளமாகச் சேர்ந்த படம் இதுவே.

மதுரையில் தங்கம் திரையரங்கம் 1952 தீபாவளிக்குப் பராசக்தியுடன் திறக்கப்பட்டது. அந்தப் படத்தில் மதுரை, கைவிடப்பட்ட ஒரு பெண் அலைந்து துன்பப்படும் நகரம். நீண்ட வசனமும் நீதிமன்ற வாதமும் கைதட்டல் வாங்கிய காலம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஸ்ரீதர் படத்தில் நீண்ட வசனமே இல்லை. ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுகிறார். பாதி வாக்கியத்தில் கதவு திறக்கிறது, கார் வந்து நிற்கிறது. தமிழ்ப் படத்தின் பேச்சு எந்த அளவுக்கு மாறியது என்பதற்கு இந்த இரு படங்களும் நல்ல அளவுகோல்கள்.

கதைச் சுருக்கம்

பொள்ளாச்சிப் பக்கம் சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி விஸ்வநாதன் (பாலையா). பணக்கார மாப்பிள்ளைகளுக்கே மகள்களைக் கொடுப்பது என்பது அவர் முடிவு. மகள்கள் நிர்மலா (ராஜஸ்ரீ), காஞ்சனா (காஞ்சனா). மகன் செல்லப்பா (நாகேஷ்) 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனி தொடங்கிக் கதையும் பணமும் தேடிக்கொண்டிருப்பவன்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக் (ரவிச்சந்திரன்), முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட உரசலால் வேலையை இழக்கிறான். முதலாளியின் பங்களா முன் கூடாரம் அடித்து, வேலையைத் திரும்பக் கேட்டுக் கோஷம் போடுகிறான். சண்டை காதலாகிறது. தந்தையின் சம்மதத்துக்காகத் தான் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று பொய் சொல்கிறான். அந்தக் கோடீஸ்வரரைக் கண்ணில் காட்ட வேண்டிய நிலை வரும்போது நண்பன் வாசுவை (முத்துராமன்) கிழவர் வேடத்தில் வரவழைக்கிறான். வாசு காதலிக்கும் காஞ்சனாதான் அந்த வீட்டின் இன்னொரு மகள். பொய் ஒன்று பலவாகப் பெருகுகிறது. கடைசியில் உண்மை வெளிப்பட்டு இரு ஜோடிகளும் இணைகின்றன.

வள்ளி திருமணத்தின் சாயல்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்களில் இன்றும் மிகுதியாக நடிக்கப்படுவது வள்ளி திருமணம். சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை 1918-ல் தொடங்கியது மதுரையில். அவருடைய நாடகங்களை நடிக்கும் 'ஸ்பெஷல் நாடக'க் கலைஞர்களுக்கும் மதுரையே தலைநகர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்வார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பாடம் மனப்பாடம். பங்குனி, சித்திரை, வைகாசிப் பொங்கல்களில் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நாடகம் நடக்கும்.

வள்ளி திருமணத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. நம்பிராஜனின் மகள் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். நாரதர் வந்து தர்க்கம் செய்து முருகனைப் பற்றி ஆசை மூட்டுகிறார். முருகன் முதலில் வேடனாக வருகிறான். பிறகு கிழவனாக வந்து அவளைச் சீண்டுகிறான். அவள் மறுக்கும்போது அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்த வள்ளி கிழவனிடமே அடைக்கலம் புகுகிறாள். பெண்ணின் தந்தையும் உடன்பிறந்தோரும் எதிர்த்து வீழ்ந்து, பிறகு உயிர்பெற்று எழுந்து திருமணத்தை நடத்திவைக்கிறார்கள் என்று கந்தபுராணம் சொல்கிறது.

ஸ்ரீதர் படத்தில் இதன் உறுப்புகள் அனைத்தும் உள்ளன. மலைப்பகுதி, அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடும் தந்தை, வெளியிலிருந்து வரும் இளைஞன், சண்டையாகத் தொடங்கும் காதல், கிழவன் வேடம், அந்த வேடத்துக்குத் துணைபோகும் கூட்டாளி, கடைசியில் விழுந்து எழும் தந்தை. ஸ்ரீதரோ கோபுவோ வள்ளி திருமணத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்று சொல்ல ஆதாரம் தேவையில்லை. தமிழ்ப் பார்வையாளர்கள் இந்தக் கதையமைப்பை முன்பே அறிந்திருந்தார்கள் என்பதே போதும். இளைஞன் கிழவனாக வேடமிட்டுக் காதலியின் முன் வந்து பாடுவது அவர்களுக்குப் புதிதல்ல.

திரையிலும் இது பழக்கமான கதை. ஏவி.எம்.மின் ஸ்ரீ வள்ளி (1945) படத்தில் முருகனாக நடித்துப் புகழ்பெற்ற டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்தவர். அந்தப் படம் பார்த்தவர்களின் பிள்ளைகளே 1964-ல் ஸ்ரீதர் படத்துக்கு வரிசையில் நின்ற தலைமுறை.

ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. வள்ளி திருமணத்தில் ஏமாற்றப்படுபவள் பெண். கிழவன் யார் என்பது சபைக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. சிரிப்பு அவளுடைய அறியாமையிலிருந்து வருகிறது. ஸ்ரீதர் படத்தில் நீடித்து ஏமாற்றப்படுபவர் தந்தை. அசோக் வேலையிழந்தவன் என்பது நிர்மலாவுக்கு நன்றாகத் தெரியும். அவன் வேலை போனதற்குக் காரணமே அவள்தான். மகள்கள் திட்டத்துக்குள் இருக்கிறார்கள், தந்தை வெளியே நிற்கிறார். பழைய கதையில் பெண்ணின் மேல் இருந்த கேலி, பணத்தைப் பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கத்தின் மேல் திரும்புகிறது. இந்தப் படத்தின் மிகப் பெரிய சாதனை இதுதான். சிரித்துக்கொண்டே செய்துவிடுவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

விஸ்வநாதன் என்னும் நாயகன்

படத்தில் இரண்டு கதாநாயகர்கள் இருந்தாலும் உண்மையான நாயகன் பாலையாதான். 1936-ல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதியில் அறிமுகமான அவருக்கு இப்படம் வரும்போது கிட்டத்தட்ட முப்பது ஆண்டுத் திரை அனுபவம் இருந்தது. வில்லனாகப் பல படங்களில் நடித்தவர். அந்த வில்லத்தனத்தின் மிச்சம் விஸ்வநாதனின் பேராசையில் இருக்கிறது. ஆனால் அது யாரையும் காயப்படுத்துவதில்லை.

பணக்காரர் என்று நம்பும் ஒருவரைக் கண்டதும் அவர் குரல் தாழ்கிறது, முதுகு சற்று வளைகிறது, சிரிப்பு நீள்கிறது. சற்றுமுன் விரட்டிய இளைஞனுக்கே நாற்காலி போடுகிறார். அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள நொடியைப் பாலையா ஒருபோதும் தவறவிடுவதில்லை. இதற்கு அடுத்த ஆண்டு வந்த திருவிளையாடலில் (1965) பாண்டியன் சபைக்கு வந்து மதுரையையே சவாலுக்கு அழைக்கும் ஹேமநாத பாகவதராக அவர் நடித்தார். அங்கேயும் இதே கலைதான். தலைக்கனம் முழுதாக ஏறி, பிறகு ஒரே இரவில் முழுதாக இறங்க வேண்டும். இறங்கும்போது அவர்மேல் நமக்கு வெறுப்பு வராமல் இரக்கம் வருகிறது.

செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பெரும்பாலோர் நாகேஷைப் புகழ்கிறார்கள். கதவு கிரீச்சிடும் ஓசை முதல் எல்லாவற்றையும் வாயாலேயே செய்து காட்டும் அவர் உழைப்பு புகழத் தக்கதுதான். ஆனால் அந்தக் காட்சியை நிற்கவைப்பது கேட்பவரின் முகம். மகனின் படக் கம்பெனிக்குப் பணம் தரக்கூடாது என்ற உறுதியோடு உட்கார்ந்த மனிதர், கதை முடிவதற்குள் பயந்த குழந்தையாகிறார். கதை சொல்பவனைவிடக் கதை கேட்பவனைப் பார்த்துச் சிரிக்க வைப்பது கடினம். பாலையா அங்கே பேசுவது மிகக் குறைவு.

செல்லப்பாவும் பபூனும்

ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் கதைக்கு முன்னே வந்து சபையைச் சிரிக்கவைப்பார். நடனப் பெண்ணோடு அவருடைய சீண்டல் தனிக் காட்சியாக நடக்கும். அதன்பிறகே ராஜபார்ட் வருவார். தமிழ் சினிமாவின் தனி நகைச்சுவைப் பகுதி பெரிதும் இந்த மரபிலிருந்து வந்ததே.

செல்லப்பாவின் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' பகுதியைப் பார்த்தால் அது இன்னும் பபூன் பகுதியாகவே இருக்கிறது என்பது தெரியும். எஸ்டேட் மேனேஜரின் மகளைக் கதாநாயகி ஆக்குவதாக அவன் ஆசை காட்டுவது, பபூன் நடனப் பெண்ணைச் சீண்டும் அதே முறை. இதை முழுதாக எடுத்துவிட்டாலும் அசோக்-வாசு கதை தடையின்றி ஓடும். ஆனால் எடுக்கத் தோன்றவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. செல்லப்பாவும் தந்தையிடம் பணம் பெற முயல்பவன்தான். அவன் உண்மையைச் சொல்லிக் கேட்கிறான், கிடைக்கவில்லை. அசோக் பொய் சொல்கிறான், எல்லாம் கிடைக்கிறது. இந்த ஒப்புமையால் தனிப் பகுதியும் மையக் கதையோடு பொருளால் இணைகிறது. சினிமாக்காரர்களைச் சினிமாவிலேயே கேலி செய்யும் துணிவும் இதில் இருக்கிறது.

குரல்கள்

மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் அன்று தமிழ்க் கதாநாயகர்களின் குரல். இப்படத்தில் அவர் பாடவில்லை. வீரமும் சோகமும் ஏந்திய அந்தக் குரலுக்கு இங்கே வேலை இல்லை என்பதை இசையமைப்பாளர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பி.பி. ஸ்ரீநிவாஸின் மென்மையான குரலும், தமிழுக்கு அப்போதுதான் வந்திருந்த கே.ஜே. யேசுதாஸின் இளங்குரலும், பி. சுசீலா, எல்.ஆர். ஈஸ்வரி இருவரும் படத்தின் எடையைக் குறைக்கிறார்கள். காதலர்கள் இங்கே சபையை நோக்கிப் பாடுவதில்லை, ஒருவருக்கொருவர் பேசுவதுபோலப் பாடுகிறார்கள்.

இதில் நுட்பமான விளையாட்டு ஒன்று உண்டு. கிழவர் வேடத்தில் இருக்கும் வாசுவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன் பாடுகிறார். பக்திப் பாடல்களால் மக்கள் மனதில் பதிந்த கணீர்க் குரல் அது. அந்தக் குரல் ஒரு போலிக் கிழவரின் ஏக்கத்தைப் பாடும்போது பொட்டும் தாடியும் செய்யும் வேலையைக் குரலே செய்துவிடுகிறது. அதே வாசு தன் சொந்த முகத்தோடு காஞ்சனாவுடன் பாடும்போது யேசுதாஸின் குரல் வருகிறது. ஒரே நடிகருக்கு வேடத்துக்கு ஏற்பக் குரல் மாறுவது இங்கே கதையின் ஒரு பகுதி. மேடையில் கிழவனாக வரும் முருகன் குரலை நடுங்கவிட்டுப் பாடி, பிறகு சொந்தக் குரலுக்குத் திரும்பும்போது சபை ஆரவாரிக்கும். அதே இன்பம் இது.

கூடாரப் போராட்டப் பாடலும் குறிப்பிடத் தக்கது. ஊர்வலக் கோஷத்தின் தாளத்தை அப்படியே எடுத்து ஆட்டத்துக்குரிய மெட்டாக்கியிருக்கிறார்கள். கோஷத்தில் திட்டப்படும் முதலாளியின் பெயரும் மெட்டமைத்தவரின் பெயரும் ஒன்றாக இருப்பது கூடுதல் வேடிக்கை.

ஹாலிவுட் ஒப்பீடு

பில்லி வைல்டரின் சம் லைக் இட் ஹாட் (1959) படத்தில் காசில்லாத இசைக்கலைஞன் ஒருவன் எண்ணெய்க் கம்பெனிக் கோடீஸ்வரனாக நடித்து ஒரு பாடகியை மயக்குகிறான். பொய் அவளிடமே சொல்லப்படுகிறது. டாப் ஹாட் (1935) படத்தில் ஆள்மாறாட்டக் குழப்பம் காதலர்கள் இருவருக்கும் இடையில்தான். அங்கெல்லாம் தடை காதலர்களின் கர்வம், தவறான புரிதல், பயம். இட் ஹேப்பன்ட் ஒன் நைட் (1934) படத்தில் பணக்காரத் தந்தை உண்டு. ஆனால் கடைசியில் மகளை மணமேடையிலிருந்து ஓடச் சொல்பவரே அவர்தான்.

ஸ்ரீதர் படத்தில் காதலர்களுக்கு இடையே தொடக்க உரசலைத் தவிரத் தடை ஏதுமில்லை. தடை வீட்டின் தலைவாசலில் நிற்கிறது. நம் சமூகத்தில் திருமணம் இருவருக்கு இடையிலான விஷயம் அல்ல என்பதால் நகைச்சுவையும் அந்த இடத்தில்தான் பிறக்க முடியும். காரும் உடையும் மேற்கிலிருந்து வந்தவை. சிக்கல் நம்முடையது. இந்தியிலும் தெலுங்கிலும் கதை எளிதாக எடுபட்டதற்கு இதுவே காரணம் எனலாம். தெலுங்கில் பிரேமிஞ்சி சூடு (1965) என்றும், ஸ்ரீதரே இயக்கி இந்தியில் பியார் கியே ஜா (1966) என்றும் இது மறுபடி எடுக்கப்பட்டது.

குறைகள்

அசோக் கூடாரம் போட்டது வேலைக்காக. காரணமின்றி ஒருவனை வேலையிலிருந்து நீக்கலாமா என்பது உண்மையான கேள்வி. காதல் வந்ததும் படம் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறது. வேலை கேட்டு வந்தவன் மருமகனாகிவிட்டால் நியாயம் கிடைத்ததாக ஆகாது. ஆழியாறு அணையும் மலைச்சரிவும் வின்சென்டின் கேமராவில் அழகாக இருக்கின்றன. ஆனால் ஓர் எஸ்டேட்டில் நடக்கும் கதையில் அங்கே உழைப்பவர்களின் வாழ்க்கை காணப்படவே இல்லை. வள்ளி திருமணத்தில்கூட வள்ளி புனத்தில் நின்று வேலை செய்பவளாகத்தான் அறிமுகமாகிறாள்.

இரண்டாவது குறை முடிவைச் சார்ந்தது. பணம் பார்த்துப் பெண் கொடுப்பதைக் கேலி செய்த படம், வாசுவை உண்மையிலேயே வசதியான வீட்டுப் பிள்ளையாக வைத்திருக்கிறது. அவன் வேடமிட்டிருக்கவே தேவையில்லை. அதனால் விஸ்வநாதனின் கொள்கை பாதி தோற்று, பாதி வென்றுவிடுகிறது. இருவரும் ஏழைகளாக இருந்திருந்தால் கேலி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். தந்தையின் மனமாற்றத்துக்கு இன்னும் அழுத்தமான காட்சி ஒன்றும் தேவைப்பட்டிருக்கும்.

பெண் பாத்திரங்களும் தொடக்கத்தில் காட்டும் துடுக்கைப் பிற்பாதியில் இழக்கிறார்கள். முதல் காட்சிகளில் காரை நிறுத்தி வாதாடும் நிர்மலா, அசோக்கின் திட்டம் தொடங்கியபின் பெரும்பாலும் பார்வையாளராகவே இருக்கிறாள். மேடையில் நாரதரோடு வள்ளி செய்யும் தர்க்கம் மணிக்கணக்கில் நீளும். நல்ல ஸ்திரீபார்ட் அதில் நாரதரைத் திணறடிப்பார். அந்த வாய்ப்பு ராஜஸ்ரீக்கும் காஞ்சனாவுக்கும் கிடைக்கவில்லை.

மதிப்பீடு

தமிழ் விமர்சனத்தில் இலகுவான படைப்பை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது மேற்கிலிருந்து வந்த கேளிக்கை என்றும், நம் மரபு கண்ணீரும் அறமும் மட்டுமே என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் திருமணக் கோலத்தில் அமர்ந்திருக்கும் முருகனையும், பழமுதிர்சோலையில் வள்ளி, தெய்வானையோடு நிற்கும் முருகனையும் வணங்கும் மக்களுக்கு, கடவுளே வேடமிட்டுப் பெண் கேட்டு, மாட்டிக்கொண்டு, சிரிப்புக்கு ஆளாகும் கதை நன்றாகத் தெரியும். சித்திரையில் தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர் தாமதமாக வந்து, தாலி கட்டி முடிந்துவிட்டதென்று கோபித்துக்கொண்டு வைகையிலிருந்தே திரும்பிவிடுவதாகச் சொல்லும் கதையும் அவர்களுடையதே. கல்யாணத்தைச் சுற்றிய குழப்பத்தைப் பார்த்துச் சிரிப்பது இங்கே பக்தியோடு சேர்ந்த பழக்கம்.

காதலிக்க நேரமில்லை அந்தப் பழக்கத்துக்கு வண்ணமும் வேகமும் தந்த படம். வேலை பற்றிய கேள்வியை அது கைவிட்டது, பெண்களை ஓரம் கட்டியது. ஆனால் பழைய கதையில் பெண் நின்ற ஏமாளியின் இடத்தில், பணத்துக்கு மயங்கும் தந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவரை வெறுக்கவும் விடவில்லை. படம் முடியும்போது பார்வையாளர் விஸ்வநாதனைத் தன் வீட்டிலேயே அடையாளம் காண்கிறார். இன்றும் வரன் பார்க்கும்போது பையனின் வீடு, கார், சம்பளம் விசாரிக்கப்படும் எந்தக் கூடத்திலும் பாலையாவின் அந்த நீண்ட சிரிப்பைப் பார்க்கலாம்.